நாளைப்போவார் புராணமும் நம்பிக்கையுள்ள வாசகரும்

பெரியபுராணத்தை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர் எவரும் ஒரு கேள்விக்குத் தப்புவது அரிது. திருநாளைப்போவார் வரலாற்றைச் சொல்லி முடித்ததும், "இறைவன் அவரை ஏன் நெருப்பில் மூழ்கச் சொன்னார்?" என்று மாணவருள் ஒருவர் கேட்டே தீர்வர். இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "அது ஞானத்தீ, உடம்பைச் சுடும் தீ அன்று" என்பது ஒன்று. "அவரைக் கொளுத்திவிட்டுக் கதை கட்டினார்கள்" என்பது மற்றொன்று. முதல் விடை கோயிலில் கேட்கும்; இரண்டாம் விடை மேடையில் கேட்கும். இவ்விரண்டிற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இரண்டையும் சொல்வதற்குச் சேக்கிழாரின் பாடல்களைப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

இக்கட்டுரை அப்பாடல்களைப் படிப்பது பற்றியது. அதிலும், அந்நூலைத் திருமுறையாகக் கொண்டு வணங்கும் ஒருவர் படிப்பது பற்றியது. நம்பிக்கை இல்லாதவர்க்கு இடறும் இடம் வந்தால் இடர் ஒன்றும் இல்லை. பழங்காலத்து மனப்போக்கு என்று குறித்துக்கொண்டு அப்பால் செல்லலாம். நூலைத் தலைமேல் வைத்துப் போற்றுபவர் என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவதா? நூலைக் கீழே வைத்துவிடுவதா? நெருங்கிப் படிப்பது என்னும் மூன்றாம் வழி ஒன்று உண்டு. அவ்வழி மற்ற இரண்டினும் கடினமானது. ஆயினும் திருநீறு பூசும் தமிழாசிரியர்க்கு நேர்மையான வழி அதுவே என்பது என் கருத்து.

பேராக்கில் இக்கேள்வியின் கனம்

ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த பழைய தோட்டப்புறங்களிலும் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஹியூ லோ நட்டு வளர்த்த ரப்பர்க் கன்றுகள், நாளடைவில் சுங்கை சிப்புட் முதல் தஞ்சோங் மாலிம் வரையில் பால்மரக் காடுகளாகப் பெருகின. அக்காடுகளுக்கு ஆட்களைக் கொண்டுவந்த கப்பல்கள் பலவும் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டவை. தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை அவ்வழி ஓயவில்லை. வந்தவருள் காவிரி, கொள்ளிடக் கரைகளில் பண்ணையாட்களாக உழைத்தவர் பலர். அவருள் ஆதிதிராவிடர் கணிசமானவர். ஆதனூர், திருப்புன்கூர், தில்லை என்பன அவர்க்குப் புராணப் பெயர்கள் அல்ல, அண்டையிலிருந்த ஊர்கள். கடல் கடந்தும் பழைய கோடு அழியவில்லை. தொடக்க காலத் தோட்டங்களில் அவர்க்கெனத் தனி லயம் ஒதுக்கிய வழக்கத்தைத் தோட்ட வாழ்வை ஆராய்ந்தோர் பதிவு செய்திருக்கின்றனர்.

இன்று பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. லயங்கள் இருந்த இடங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. அம்மக்களின் பேரப்பிள்ளைகள் நகரத்து அடுக்கு வீடுகளிலிருந்து பள்ளிக்கு வருகின்றனர். பேராக் மாநிலத்தின் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நந்தனார் கதையைச் சொல்லும்போது, கேட்டிருக்கும் பிள்ளைகளுள் சிலர்க்கு அது தம் பாட்டனுக்குப் பாட்டனின் கதை. அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. வீட்டிலும் பலர் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். ஆகவே நாம் வாயில் வந்த விடையைச் சொல்லிவிட்டு மணியடித்ததும் வெளியேறலாகாது.

இக்கதை இம்மண்ணுக்கு ஒரே வழியாக வரவில்லை என்பதையும் நோக்க வேண்டும். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் பின்னர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்த யாழ்ப்பாணத்துச் சைவர்க்குப் பெரியபுராணம் என்றால் ஆறுமுக நாவலர் 1852இல் வெளியிட்ட வசன நூலே. அது சேக்கிழாரை அடியொற்றிச் செல்வது. தோட்டத்து மக்களுக்கோ நந்தனார் என்றால் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையும், அதிலிருந்து எடுத்த 1935, 1942ஆம் ஆண்டுத் திரைப்படங்களும்தாம். முதற்படத்தில் கே. பி. சுந்தராம்பாளும், இரண்டாம் படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். இவ்விரண்டு ஓடைகளுக்கும் எதிரே மூன்றாவது ஒன்றும் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. பினாங்கில் வந்திறங்கி, ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டார். புராணங்களை வினவும் பழக்கம் அதன் பின்னர் இங்கே வேர்கொண்டது. அந்த வினாக்கள் நமக்குப் பகை அல்ல என்பதைச் சைவர்கள் இன்னும் முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கதை வளர்ந்த படிகள்

பெரியபுராணம் ஒருவர் கற்பனையில் ஒரே நாளில் பிறந்த நூல் அன்று. அதற்கு முதல் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை. வழிநூல் நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி. சார்பு நூலாகச் சேக்கிழார் விரித்துப் பாடினார். நாளைப்போவாரை இம்மூன்றிலும் வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

சுந்தரர் அவரைக் குறிப்பது சில சொற்களில். அங்கே ஊர் இல்லை, குலம் இல்லை, தீ இல்லை. 'செம்மை' என்ற ஒரே அடைமொழியும், அவர்க்குத் தாம் அடியேன் என்ற வணக்கமும் மட்டுமே உள்ளன. பாடியவர் ஆதிசைவ மரபில் பிறந்தவர் என்பதை நினைவிற் கொள்க. தில்லைவாழ் அந்தணர்க்கு எந்தச் சொல்லால் தம்மை அடியவர் ஆக்கிக்கொண்டாரோ, அதே சொல்லால் நாளைப்போவார்க்கும் ஆக்கிக்கொண்டார். நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் மிகப் பழையது இதுவே.

நம்பியாண்டார் நம்பி ஒரு பாடலில் இன்னும் சற்று விரிக்கிறார். ஆதனூர் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. குலம் வருகிறது. அம்பலவனின் அருளைப் பெற்றார். அதனால் புலைத்தன்மை நீங்கி முனிவர் ஆனார். தில்லை மூவாயிரவர் கைகூப்பி நின்றனர் என்று சொல்லுகிறார். இங்கும் தீயைப் பற்றிப் பேச்சே இல்லை. நீங்கிற்று என்கிறார், எவ்வாறு நீங்கிற்று என்று சொல்லவில்லை. அருள் என்பதே அவர் காட்டும் காரணம்.

தீயை நாம் முதன்முதலில் காண்பது 12ஆம் நூற்றாண்டில், அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்த சேக்கிழாரிடம். அவர் முன்பே வழங்கிய செவிவழிச் செய்தியைக் கேட்டுப் பாடியிருத்தல் கூடும். ஆயினும் மூன்று நூல்களையும் அடுத்தடுத்து வைப்பவர்க்கு ஒன்று புலனாகும். நாளைப்போவாரை நாயனாராக ஏற்பதற்குத் தீ இன்றியமையாதது அன்று. தீயைப் பாடாத சுந்தரரும் நம்பியும் அவரை வணங்கியிருக்கின்றனர்.

சேக்கிழார் கண்ட சேரி

சேக்கிழார் இவ்வரலாற்றுக்கு ஒதுக்கியவை 37 பாடல்கள். பாடநூல்களும் சொற்பொழிவாளர்களும் அவற்றின் முற்பகுதியைப் பெரும்பாலும் தாண்டிவிடுகின்றனர். தில்லைக்குப் போக விரைகின்றனர். எனக்கோ அம்முற்பகுதியே இந்நூலின் அரிய பகுதிகளுள் ஒன்றாகத் தோன்றுகிறது. ஆதனூரின் வயல்வளத்தைப் பாடிய கையோடு அவர் ஊர்ப்புறத்துச் சேரிக்குள் நுழைகிறார். கூரைமேல் சுரைக்கொடி படர்ந்த குடிசைகள். மருத மர நிழலில் சிறிய தோலை விரித்து அதன்மேல் குழந்தையை உறங்க வைக்கும் உழத்தி. வஞ்சி மரத்தடியில் புதைத்து வைத்த பானைக்குள் அடைகாக்கும் கோழிப்பெடை. மாமரக் கிளைகளில் தொங்கும் பறைகள். தென்னையின் அடியில் குழி பறித்து ஈன்ற நாயும் குட்டிகளும். கையில் இரும்புக் காப்பு அணிந்து அக்குட்டிகளோடு ஓடியாடும் கருநிறச் சிறுவர்கள்.

சோழப் பேரரசின் அமைச்சர் எழுதியது இது. சேரியை இழித்துக் கூற நினைத்தவர் பானைக்குள் இருக்கும் கோழியை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இக்காட்சி அயலானது அன்று. மருத நிழலில் தோலின்மேல் உறங்கிய குழந்தையை, பால்மரக் காட்டுக்குப் பெற்றோர் போனபின் ஆயாக் கொட்டகையின் ஏணையில் உறங்கிய குழந்தையோடு ஒப்பிட்டுக் காட்டினால், மாணவர்க்கு அப்பாடல்களுக்கு உரை வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி கதையையே மாற்றிவிடக்கூடியது. ஆனால் கவனிப்போர் சிலரே. சேக்கிழாரின் நாளைப்போவார் எவருடைய பண்ணையாளும் அல்லர். பறைத் தொழிலுக்காக ஊரார் விட்ட மானிய நிலத்தை உணவுக்கு ஆதாரமாகக் கொண்டு வாழ்ந்தவர் என்று கவிஞர் தெளிவாகச் சொல்லுகிறார். சிவன் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வருவது அவர் தொண்டு. அவர் கொடுத்த கோரோசனை கருவறைக்குள் போகும். கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே நின்று ஆடிப் பாடுவார். இம்முரண்பாட்டைச் சேக்கிழார் விளக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பக்கத்தில் பக்கமாக வைத்துவிட்டு மேலே செல்கிறார்.

திருப்புன்கூரில் மறைத்திருந்த நந்தியை இறைவன் விலகச் செய்ததும், அங்கே அவர் குளம் தோண்டியதும் யாவரும் அறிந்தவை. அடுத்து வருவது தில்லை ஆசை. போக வேண்டும் என்ற வேட்கையால் இரவெல்லாம் உறங்கார். விடிந்ததும் தம் குலத்தை எண்ணித் தயங்குவார். தயக்கத்தையும் இறைவன் ஆணையாகவே கொண்டு அடங்குவார். மீண்டும் வேட்கை பெருகும். "நாளைப் போவேன்" என்பார். இவ்வாறு நாள்கள் கழிந்தன. அவரைத் தடுத்தவர் யாரும் இல்லை. தடை அவர் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து எவரும் காவல் நிற்கத் தேவையில்லாதபடி ஓர் ஒழுங்கு மனிதனுள் புகுந்துவிட்டால் எப்படியிருக்கும் என்பதை இதனினும் நுட்பமாகக் காட்டிய தமிழ்ப்பாடலை நான் அறியேன்.

'நாளை' என்ற சொல் மாறிய விதம்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனை 19ஆம் நூற்றாண்டில், 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. நம் மக்கள் பெரும்பாலோர் நந்தனார் கதை என்று அறிந்திருப்பது அதனையே. நந்தனை அடிமைகொண்ட வேதியராகிய நிலக்கிழார், தில்லை செல்ல விடைகேட்கும் நந்தனை அவர் கடிதல், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்தால் போகலாம் என்னும் கட்டளை, ஓர் இரவில் இறைவன் அருளால் அது முடிந்துபோதல், வேதியர் நந்தன் காலில் விழுதல் ஆகிய இவற்றுள் ஒன்றுகூடப் பெரியபுராணத்தில் இல்லை.

பாரதியார் இக்கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்ற செய்தியை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பிள்ளையவர்கள் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடியவர். மூலநூலுக்கு மாறான கதையும் இலக்கணப் பிழைகளும் அவர்க்கு ஒவ்வவில்லை. பலமுறை வந்தும் பாரதியார் வெறுங்கையோடு திரும்பினார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்தவர் தம் பாடலை உருகிப் பாடிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அதைக் கேட்ட பிள்ளையவர்கள் மனம் கரைந்து பாயிரம் கொடுத்தார். புலவரின் மறுப்பும் நியாயமே. அவர் பின்னர்க் கரைந்ததும் நியாயமே.

பாரதியாரிடம் 'நாளை' என்பதன் பொருள் வேறாகிவிடுகிறது. சேக்கிழாரிடம் அது தம்மைத் தாமே தடுத்துக்கொண்டவரின் நாளை. பாரதியாரிடம் அது விடுப்புக் கிடைக்காத கூலியாளின் நாளை. 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சைப் பண்ணையைக் கண்ணால் கண்டவர் அவர். கண்டதைக் கதைக்குள் வைத்தார். அதே பண்ணைகளிலிருந்து புறப்பட்டுப் பேராக்கிற்கு வந்து, விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, ஒருநாள் விடுப்புக்குக் கங்காணியிடமும் கிராணியிடமும் கையேந்திய மக்களுக்குச் சேக்கிழாரின் நுட்பத்தினும் பாரதியாரின் வேதியரே மெய்யாகத் தோன்றியதில் வியப்பு என்ன?

ஆகவே கீர்த்தனையைப் பொய் என்று ஒதுக்குதல் கூடாது. ஆனால் அதனைப் பெரியபுராணம் என்று சொல்லிக் கொடுப்பதும் கூடாது. தமிழாசிரியர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர். பலரும் இரண்டையும் குழைத்து ஒரே கதையாக்கிவிடுகின்றனர். பிறகு வேதியரின் கொடுமைக்குச் சேக்கிழாரையும், சேக்கிழாரின் தீக்குப் பாரதியாரையும் விடை சொல்லச் சொல்கின்றனர்.

தீயை எப்படிப் படிப்பது?

இனித் தீயினிடம் வருவோம். தில்லை எல்லையை அடைந்த நாளைப்போவார் வேள்விப் புகையைக் கண்டு, உள்ளே செல்லத் துணியாமல் ஊரை வலம் வருகிறார். இந்த இழிந்த பிறவி தடையாயிற்றே என்ற துயரத்தோடு உறங்குகிறார். இறைவன் கனவில் தோன்றி, இப்பிறவி நீங்கத் தீயில் மூழ்கி, நூலணிந்த மார்பினரோடு கூடி முன்வரும்படி பணிக்கிறான். அந்தணர்கள் கனவிலும் தோன்றித் தீயமைக்கச் சொல்கிறான். அவர்கள் அச்சத்தோடு கூடி, தென்புற மதில் வாயிலின் புறத்தே தீ வளர்க்கின்றனர். அவர் வலம் வந்து தீயினுள் புகுந்து முனிவர் வடிவில் எழுகிறார். அந்தணர் தொழ, அம்பலத்துள் சென்று மறைகிறார்.

இங்கே ஒரு சொல்லை உற்று நோக்க வேண்டுகிறேன். பிறவியை 'இழி' என்ற அடையோடு சொல்வது நாளைப்போவாரின் நினைவு. இறைவன் வாக்கில் அந்த அடை இல்லை. 'இப்பிறவி' என்ற அளவில் அது நிற்கிறது. சைவ சித்தாந்தத்தின்படி நீங்க வேண்டியது எப்பிறவியும்தான். மன்னன் பிறவியும் மறையவன் பிறவியும் அதில் அடங்கும். தம் பிறவி இழிந்தது என்று அடியவர் அழுகிறார். பிறவி நீங்குக என்று ஆண்டவன் விடை சொல்லுகிறான். ஞானத்தீ என்று உரை கூறுவோர் இதனைச் சான்றாகக் காட்டுவாராயின் அவர் கூற்றுக்கு வலிமை உண்டு.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை ஆகாது. நூலணிந்தவரோடு வா என்ற பணிப்பும் அதே வாக்கில் இருக்கிறது. தீயிலிருந்து எழுந்தவர் மார்பில் நூல் புரள்கிறது. அது வெறும் பிறவி நீக்கமாயின் அந்த நூலுக்கு அங்கே என்ன வேலை? ஞானத்தீ என்ற உரை இக்கேள்விக்கு விடை தருவதில்லை. என்னாலும் தர இயலவில்லை. சேக்கிழார் தம் காலத்துக் கோயிலின் வாயிலைத் தம் பாடலுக்குள்ளும் அடைத்தே வைத்திருக்கிறார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கொளுத்திவிட்டனர் என்ற கூற்றுக்கும் நூலில் ஆதாரம் இல்லை. நூலுக்கு வெளியேயும் கல்வெட்டோ ஆவணமோ எவரும் காட்டியதில்லை. அது வரலாறு அன்று. தீண்டாமையின் கொடுமையை அறிந்த நெஞ்சு எழுப்பிய ஐயம். ஐயத்தை ஐயமாகவே மாணவர்க்குச் சொல்ல வேண்டும். சினந்து அடக்கக் கூடாது.

அதே நூலில் வேறொரு தீ

நம்பிக்கையுள்ளவர் ஒரு புராணத்தை அந்நூலின் பிற புராணங்களைக் கொண்டே அளக்கலாம். அந்த உரிமை அவர்க்குண்டு. அது அவர் கடமையும் ஆகும். திருநீலநக்கர் புராணத்தை எடுத்துக்கொள்வோம். சாத்தமங்கையில் வாழ்ந்த அவர் வேதம் ஓதும் அந்தணர்; வேள்வித்தீ அணையாத வீட்டினர். திருஞானசம்பந்தர் அவ்வூருக்கு எழுந்தருளியபோது உடன் வந்தவர்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும். பாணர் குலத்தவர்க்குக் கோயிலில் என்ன இடம் என்பதை அவர் திருவாரூர் சென்றபோது இறைவன் வடபுறத்தே தனி வாயில் வகுத்தான் என்னும் செய்தியாலேயே உணரலாம்.

அன்று இரவு அவர்கள் தங்க இடம் தருமாறு சம்பந்தர் கேட்கிறார். நீலநக்கர் தம் வீட்டின் நடுவே, வேள்வி வேதிகையின் அருகிலேயே அவர்களுக்கு இடம் கொடுக்கிறார். அப்போது அந்த வேள்வித்தீ வலமாகச் சுழன்று முன்னினும் ஓங்கி எழுந்தது என்கிறார் சேக்கிழார். வேதிகைத் தீ பாணரைச் சுடவில்லை. தூய்மை செய்யவும் முற்படவில்லை. வரவேற்றது. அந்தணர் வீட்டுத் தீக்குத் தன் பக்கத்தில் பாணர் படுத்திருப்பதில் மகிழ்ச்சியே உண்டாயிற்று.

தில்லையின் தென்புறத்தில் ஒரு தீ, சாத்தமங்கையில் ஒரு தீ. இரண்டையும் மூட்டியவர் ஒரே கவிஞர். ஒன்றை மட்டும் காட்டி அவரைக் குற்றவாளி ஆக்குவதும், மற்றதை மட்டும் காட்டிச் சமரசவாதி ஆக்குவதும் அரைகுறைப் படிப்பு. கண்ணப்பர் வாயில் சுவைத்த ஊனை ஏற்ற இறைவன் அவரை எத்தீயிலும் குளிக்கச் சொல்லவில்லை என்பதையும் கூட்டிக்கொள்க. திருவிழாக் கூட்டத்தில் கலந்ததால் தீட்டுப்பட்டது என்று வீட்டுக்கு வெளியே தயங்கி நின்ற நமிநந்தியடிகளுக்கு, ஆரூரில் பிறந்தார் யாவரும் சிவகணத்தவர் என்று இறைவன் காட்டியதையும் கூட்டிக்கொள்க. நூலின் பெரும்போக்கு எத்திசையில் செல்கிறது என்பதில் ஐயமில்லை. நாளைப்போவார் புராணத்தின் முடிவில் மட்டும் அப்போக்கு ஒரு பாறையில் மோதி வளைகிறது. வளைவை வளைவு என்று சொல்வதால் ஆறு வற்றிவிடாது.

இப்படிப் படிப்பது பத்திக்குக் குறைவு என்று எண்ணுவோர் இருக்கலாம். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் இசுலாமியர், கம்பனில் ஆழ்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தை 1975இல் தொடங்கி நடத்தியவர். வாலி வதம் பற்றி அவர் எழுதிய 'மூன்று வினாக்கள்' என்னும் நூல், காவியத்தின் மிக இடர்ப்பாடான இடத்தையே தேடிப் பிடித்து வினவுகிறது. அதனால் கம்பனிடத்து அவர்க்கிருந்த அன்பு குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. டென்மார்க் நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககோர் கிறித்தவ நம்பிக்கையில் ஊன்றியவர். மகனைப் பலியிட முனைந்த ஆபிரகாமின் கதை ஒன்றையே எடுத்துக்கொண்டு, அதன் கொடுமையைச் சிறிதும் மழுப்பாமல் 1843இல் ஒரு முழு நூல் எழுதினார். பிள்ளைக்கறி சமைத்த சிறுத்தொண்டர் வரலாற்றை ஓதும் நமக்கு அந்நூல் தொலைவில் உள்ளது அன்று.

வகுப்பில் செய்யத் தக்கது

மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிகளில் பேராக் பிள்ளைகள் ஆண்டுதோறும் பாடுகின்றனர். பண்ணும் ஒலிப்பும் சிறந்திருக்கின்றன. பொருள் கேட்டால் தடுமாறுகின்றனர். குறை பிள்ளைகளுடையது அன்று. மனப்பாடத்திற்குத் தரும் பாடல்களோடு, நாளைப்போவார் புராணத்துச் சேரி வருணனையையும் நீலநக்கர் வீட்டுத் தீயையும் உரையோடு சேர்த்துக் கொடுத்தால் மூன்று பாட வேளைகளில் முடிந்துவிடும். தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியராகப் பயிலும் இளைஞர்கள் சுந்தரர், நம்பி, சேக்கிழார், பாரதியார் ஆகிய நால்வரையும் ஒரே தாளில் நான்கு பத்திகளாக எழுதிப் பார்த்தால், நூறு பக்க ஆராய்ச்சியில் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

வகுப்பில் கிறித்தவப் பிள்ளைகளும் இசுலாமியப் பிள்ளைகளும் இருப்பர். கடவுளை ஏற்காத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பர். அவர்கள் முன்னிலையில் ஆசிரியர் தம் நம்பிக்கையை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதவில்லை. "எனக்கு இது திருமுறை, ஆகவே இந்த இடம் எனக்கு வலிக்கிறது" என்று சொல்லும் ஆசிரியரை மாணவர் நம்புவர். வலியில்லாதவர் போல் விளக்கம் சொல்பவரை நம்பமாட்டார்.

ஒரு பகுதியைக் குறிப்பிட்டு இதனை முடிக்கிறேன். பேருரைகளில் அது அவ்வளவாக எடுபடுவதில்லை. திருஞானசம்பந்தர் புராணத்தின் இறுதியில் நல்லூர்ப் பெருமணத்தில் திருமணம் நடக்கிறது. இன்று ஆச்சாள்புரம் எனப்படும் அவ்வூரும் கொள்ளிடப் பக்கத்ததே. தில்லையிலிருந்து நெடுந்தொலைவு இல்லை. அங்கே கோயில் முழுவதும் பேரொளியாகிறது. அவ்வொளியில் ஒரு வாயில் திறக்கிறது. திருமணத்துக்கு வந்தார் யாவரும் உள்ளே புகுமாறு சம்பந்தர் அழைக்கிறார். யார் யார் புகுந்தனர் என்று சேக்கிழார் பொறுமையாக எண்ணிச் சொல்லுகிறார். அந்தணராகிய நீலநக்கர் புகுகிறார். பாணராகிய யாழ்ப்பாணர் மனைவியாரோடு புகுகிறார். அவர்களுக்குப் பின்னே, முத்துச் சிவிகை முதலியவற்றைத் தோளில் தாங்கி வந்தவர்களும் பணியாட்களும் புகுகின்றனர். குளித்து வரும்படி எவரையும் சொல்லவில்லை. எல்லோரும் உள்ளே சென்ற பிறகுதான் சம்பந்தர் தாமும் புகுகிறார்.